கேரவன் பெட்டிக்கு ஒரு பூட்டு

வெண்ணிலாவுக்குக் கோபம் வந்தால் பம்மல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது கோவளத்துத் தொண்டை. அவள் அம்மா கரையில் மீன் எடுத்து, கூடையோடு பஸ்ஸில் ஏறி, கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே கேளம்பாக்கம் வரை போய் விற்றவள். மகளுக்குச் சீதனமாக வேறு எது வந்ததோ இல்லையோ, அந்தத் தொண்டை வந்தது. பம்மலுக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது இறங்கவில்லை.

புருஷன் ஹேமநாத் இதற்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்பான். தோல் கம்பெனி வேன் ஓட்டியபோதும் அப்படி. சினிமாக்காரர்கள் உட்கார்ந்து மேக்கப் போடும் கேரவன் வண்டியை ஓட்டப் போன பிறகும் அப்படி. படப்பிடிப்பு ஆட்களுக்கு அவன்மேல் உயிர். ஹேமா அண்ணன் மாதிரி தங்கமான மனுஷன் உண்டா என்பார்கள். அதைக் கேட்டால் வெண்ணிலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஊருக்கெல்லாம் தங்கம். வூட்டுக்கு மட்டும் ஈயம்," என்பாள்.

ஹேமநாத் ஓட்டிய கேரவனை அதன் முதலாளி விற்றபோது இவர்களே வாங்கினார்கள். வெண்ணிலாவின் நகையும் அனகாபுத்தூர் பக்கம் கிடந்த சின்ன மனையும் வண்டியாக மாறின. இரண்டு அறை, இரண்டு ஏசி, ஒரு ஃபிரிட்ஜ், சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி. அதை விட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் கிடையாது. வண்டி ஓடினால் அடுப்பு எரியும், மகள் ஷர்மிளா காலேஜுக்குப் போவாள்.

வண்டியிலேயே ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் இப்போதெல்லாம் பாதிப் படங்களில் நடிக்கும்போதே வசனத்தையும் பதிவு செய்துகொள்கிறார்கள். ஜெனரேட்டர் உறுமினால் அதுவும் சேர்ந்து பதிவாகும். அதனால் அதை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் பங்களாவிலிருந்து வயர் இழுத்துத்தான் வண்டிக்குக் கரண்ட். கடலோரத்துப் பங்களாக்களில் ஜன்னல் கம்பியையே உப்புக்காற்று தின்றுவிடுகிறது. உள்ளே ஓடும் வயரை விட்டுவைக்குமா?

போன வருஷம் அப்படி ஒரு பங்களாவில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நியூட்ரல் வயர் கழன்று கரண்ட் எகிறியது. கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகள் வெள்ளை வெளேரென்று ஒரு தரம் எரிந்து, படபடவென்று வெடித்தன. இரண்டு ஏசியும் ஃபிரிட்ஜும் கருகிப்போயின. தயாரிப்பு மேனேஜர் உமேஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"உங்க வண்டி, உங்க ரெஸ்பான்ஸிபிலிட்டிண்ணா."

"சரிங்க சார்," என்றான் ஹேமநாத்.

அதை வீட்டில் வந்து அவனே சொன்னபோது, வெண்ணிலா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். அரிசி கூடம் முழுக்கச் சிதறியது. அன்றைக்கு அவள் பேசியதை எழுத முடியாது.

ஏசி மாட்ட வந்த மெக்கானிக்கைப் பிடித்து உட்காரவைத்து, இப்படி இன்னொரு முறை ஆகாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று குடைந்து குடைந்து கேட்டாள். வெளிக் கரண்ட் வண்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள் என்றான் அவன். ஏசி இழுக்கும் அளவைத் தாங்க வேண்டும், கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் தானாக அணைய வேண்டும், லைன் சரியான பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்ப விட வேண்டும். அவள் தாம்பரத்துக்கு பஸ் ஏறினாள்.

சண்முகம் ரோட்டு எலெக்ட்ரிகல் கடைக்காரர், கம்ப்யூட்டருக்குச் சொருகும் பிளக் பட்டை ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது டிவிக்குப் போடறது. ரெண்டு ஏசி ஓடற வண்டின்னு சொன்னேனே, காதுல வாங்குனியா?"

"இதெல்லாம் கொஞ்சம் டெக்னிக்கல்மா. வீட்ல சாரு இருந்தா ஒரு தடவை வரச் சொல்லுங்க."

"அவரு வந்தா இத்தயே வாங்கினு, தேங்க்ஸ் சொல்லிட்டு வருவாரு. அதான் நான் வந்துகீறேன். முப்பத்திரண்டு ஆம்பியர்ல இன்னா கீது, அல்லாத்தயும் எடுத்து வை."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே நாலைந்து எடுத்து வைத்தார். சிலவற்றில் கொஞ்சம் பொறுத்துத் திரும்ப விடும் வசதி கிடையாது. ஒன்று சுவரில் பதிப்பது. ஓடுகிற வண்டியில் ஆடியே கழன்றுவிடும். கடைசியில் கனமான மூடி போட்ட ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள். சரியாக இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. வண்டியின் பக்கவாட்டில், வயர் நுழையும் இடத்தில் அதை மாட்டினார்கள். அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள்.

சில வாரம் கழித்து வண்டியைக் கழுவும்போது குனிந்து பார்த்தாள். பெட்டிக்கு உள்ளே போக வேண்டிய வயரும் வெளியே வர வேண்டிய வயரும் ஒன்றோடொன்று முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தன. பெட்டி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"யோவ், இன்னாயா இது?"

"எது?"

"பொட்டிய தாண்டிப் பாலம் கட்டி வச்சிகீறியே, இது!"

ஹேமநாத் தலையைச் சொறிந்தான். "சும்மா சும்மா கட் ஆவுது வெண்ணிலா. உள்ள ஆர்ட்டிஸ்ட் வேர்த்து ஊத்தினு கீறாங்க. ஷூட்டிங் எலெக்ட்ரீஷியன் தம்பி டைரக்ட் குடுத்துட்டான்."

"அவன் குடுத்தான். நீ பல்லக் காட்டினு நின்ன."

"உமேஷ் சாரு சொன்னாரு..."

"சாரு சொன்னாரா? ஏசி எரிஞ்சப்போ சாரு இன்னா சொன்னாரு, அத்த சொல்லு!"

ஹேமநாத் துணியை எடுத்துக்கொண்டு வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போனான். திருடன் வந்து கழற்றிக்கொண்டு போயிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். மறுநாளே பம்மலில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சுந்தர்சிங்கிடம் போய், பெட்டியையும் வயரின் இரண்டு முனைகளையும் மூடுகிற மாதிரி இரும்புக் கூண்டு அடிக்கச் சொன்னாள்.

"இன்னாக்கா, புலி எதுனா வளக்கப் போறியா?"

"புலி இல்ல. எங்கூட்டு ஆள வெளிய நிறுத்தறதுக்கு."

கூண்டுக்கு ஒரு பூட்டு. சாவி அவள் ஹேண்ட்பேக்கில். அதற்குப் பிறகு எந்தப் படப்பிடிப்புக்கு வண்டி போனாலும் முன்சீட்டில் அவளும் ஏறிக்கொண்டாள். ஓட்டத் தெரியாது, உட்காரத் தெரியும்.

ஆனி மாதம், வெயில் இன்னும் தணியவில்லை. முட்டுக்காடு தாண்டி ஒரு பங்களாவில் உமேஷின் கம்பெனிக்கே வேலை. இவர்கள் வண்டியும், வேறொரு பெரிய முதலாளியின் கேரவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் பங்களா கரண்ட். மத்தியானத்துக்கு முன்னால் இவர்கள் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏசி நின்றது. உள்ளே ஸஹானா என்கிற புது நடிகை பாதி மேக்கப்பில் இருந்தாள்.

உமேஷ் ஓடி வந்தான். "அக்கா, அந்தச் சாவியக் குடுங்க."

"லைன் சரியில்லன்னுதான் அது நின்னுகீது. ஜெனரேட்டர் போடட்டா?"

"லைவ் சவுண்டுங்க்கா! பக்கத்து வண்டி அதே லைன்ல ஓடுதா இல்லையா?"

"ஓடட்டும். அது எரிஞ்சா அந்த மொதலாளி வேற வண்டி எடுத்துனு வருவாரு. எனக்கு வேற கீதா?"

"ஒரு லேடிகிட்ட நின்னு கெஞ்ச வேண்டியிருக்கு. அண்ணா, நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"குடு வெண்ணிலா," என்றான் ஹேமநாத் தாழ்ந்த குரலில். "நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லலாம் என்று வண்டிக்குள் ஏறினாள். ஸஹானா அட்டையால் விசிறிக்கொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்ணிலா வாயைத் திறப்பதற்குள் தலைக்கு மேலே ஏசி உறுமியது. குளிர்காற்று முகத்தில் அடித்தது.

ஹேண்ட்பேக்கைத் திறந்து பார்த்தாள். சாவி இருந்தது.

இறங்கி வந்தாள். கூண்டு திறந்து கிடந்தது. எலெக்ட்ரீஷியன் வயர் முனைகளுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். ஹேமநாத்தின் கையில் இன்னொரு சாவி.

"ஒரு அவசரத்துக்கு ஆவும்னு டூப்ளிகேட் போட்டு வச்சேன்," என்றான்.

சுற்றி நின்றவர்கள் இப்போது ஒரு சத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். வரவில்லை. விறுவிறுவென்று பங்களா வராந்தாவுக்கு நடந்தாள், சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள், பிளக்கைப் பிடுங்கினாள். வயரை முழங்கையில் சுற்றிச் சுற்றி மடித்துக்கொண்டே வண்டி வரை வந்தாள்.

"பாப்பா, நீ அந்த வண்டிக்குப் போயிடு. இது கெளம்புது."

"ஓகே ஆன்டி," என்று ஸஹானா போனையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

வெண்ணிலா முன்சீட்டில் ஏறி, வயர்ச் சுருளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். ஓட்டுகிற சீட் காலியாக இருந்தது. அவன் ஏறாவிட்டால் இந்த ரோஷத்துக்கு ஒரு பைசா மதிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடி வழியே பார்த்தாள். ஹேமநாத் உமேஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். மன்னிப்பாகத்தான் இருக்கும்.

"ஒண்ணும் வேணாம்ணா!" உமேஷின் கத்தல் அவளுக்கே கேட்டது. "வண்டிய எடுத்துட்டுப் போங்க! இனிமே எந்த கம்பெனியும் உங்கள கூப்பிடாது. நான் பாத்துக்கறேன்."

ஹேமநாத் வந்து ஏறினான். அதையும் சார் சொன்ன பிறகுதான் செய்தான்.

கேளம்பாக்கத்தில் வண்டி திரும்பியது. வண்டலூர் ரோட்டில் அவன் போன் அடித்தது. எலெக்ட்ரீஷியன். பேசிவிட்டு வைத்தான்.

"அந்த வண்டி இன்னும் நல்லாதான் ஓடினுகீதாம்."

"போன தபா நம்ம வண்டியும் மத்தியானம் வரைக்கும் நல்லாதான் ஓடுச்சி."

"எதுனா சொல்லினே இரு. பேஜாரு. இனிமே எவன் கூப்புடுவான்?"

"கல்யாணத்துக்கு வாடகைக்கு உடுவேன். கட்சிக்காரனுக்கு உடுவேன். வண்டி முழுசா கீதில்ல?" சொல்லும்போதே குரல் ஏறியது. "நான் பூட்டுனத நீ தொறந்தியே, அத்த சொல்லு. எத்தினி சாவி போட்ட?"

அவன் ஹாரன் அடித்தான்.

"எத்தினி?"

"ரெண்டு."

"ஒண்ணு உன் கையில. இன்னொண்ணு?"

ஒரு லாரியை முன்னால் விட்டு, இன்னொரு லாரியையும் விட்டான்.

"உமேஷ் சாருகிட்ட. இன்னிக்கு ஆபீஸ்ல மறந்துட்டு வந்துட்டாரு," என்றான்.

அதற்குப் பிறகு தாம்பரம் வரை வண்டிக்குள் கேட்ட சத்தத்தில், சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக் ஆட்கள் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்கள்.

சண்முகம் ரோட்டுக்குள் கேரவன் நுழையாது. ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு வெண்ணிலா இறங்கினாள். ஹேமநாத்தும் பின்னாலேயே வந்தான். இரும்புக் கடையில் இருப்பதிலேயே பெரிய பூட்டைக் கேட்டாள். கடைக்காரர் உறையைப் பிரித்து, வளையத்தோடு மூன்று சாவியை மேஜையில் வைத்தார். மூன்றையும் அள்ளி ஹேண்ட்பேக்கில் போட்டாள்.

"ஒண்ணாவது எங்கிட்ட இருக்கட்டும்," என்றான் ஹேமநாத். "ஒருநாள் உன்னால வர முடியலன்னா வண்டி இன்னா பண்ணும்?"

"நான் வராத எடத்துக்கு வண்டியும் வராது."

வெளியே, வண்டியை எடுக்கச் சொல்லிப் போலீஸ்காரர் விசில் ஊதினார். ஹேமநாத் ஓடினான். வெண்ணிலா அவசரப்படவில்லை. ஹேண்ட்பேக்கிலிருந்து சாவிகளை மறுபடி வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டு, பூட்டித் திறந்து பார்த்தாள்.