நூற்றில் தயங்கிய கார்

மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்தில் சந்தித்த அந்த மெக்கானிக்கின் பெயரைக் கேட்காமலே விட்டுவிட்டேன். ஐம்பது வயதிருக்கும். காதை மூடிய கம்பளிக் குல்லா போட்டிருந்தார். யார் வண்டியானாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறுவார்.

என்னுடையது ஆட்டோமேட்டிக் கார். ஒருநாள் நான்குவழிச் சாலையில் நூற்றில் போகும்போது லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். இன்ஜின் இரைந்ததே தவிர, வேகம் கூடவில்லை. பின்னால் வந்த பஸ் இடிக்காத குறை. பக்கத்தில் இருந்த மனைவி அலறிவிட்டாள். திண்டுக்கல்லில் கியர் ஆயிலை மாற்றினேன். அப்படியும் தயக்கம் தீரவில்லை. யாரோ சொல்லி, கீழே இருக்கும் என் ஊரிலிருந்து மலையேறி இவரிடம் கொண்டுபோனேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மலையில அந்த வேகம் போக முடியாதுங்க. கீழ எறங்கிப் பாத்துருவோம்," என்று அவரும் கூடவே வந்தார்.

நான்குவழிச் சாலையில் நூற்றைத் தொட்டதும் அழுத்தச் சொன்னார். மூன்று முறை அழுத்தினேன். மூன்று முறையும் வண்டி திணறியது. அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் மாத்துனதுமே வண்டி சரியாயிருச்சுங்க. இப்ப இன்ஜின் எரையவும் நீங்க பயந்து காலைத் தூக்கிர்றீங்க. கியர் மாறுறதுக்கு நேரமே குடுக்க மாட்டேங்குறீங்க. எடுக்காம அழுத்துங்க."

அழுத்தினேன். சத்தம் எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுக்காமல் இருந்தேன். கார் சீறிக்கொண்டு முன்னே போனது.

திரும்பும்போது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டார். மேலே கொண்டுவிடுகிறேன் என்றேன்.

"எனக்குப் பஸ் இருக்குங்க. நீங்க வெரசா வீட்டுக்குப் போயி, வீட்டம்மாவ ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

பஸ் இடிக்க வந்த அன்றைக்குப் பிறகு என் மனைவி இந்தக் காரில் ஏறவே மறுத்துவிட்டதை நான் அவரிடம் சொல்லவேயில்லை.