தண்ணீர் விளக்கு

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி என் பக்கத்து வீட்டுக்காரர், தம் மனைவி நெய்துகொண்டிருந்த தறியைத் தம் கையாலேயே பிரித்துப் போட்டார். உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி நான் அடுக்கப்போகும் காரணங்கள் எதுவும் இதைச் சிறியதாக்கிவிடாது.

அந்தக் காலத்தில் நீங்கள் என்னைப் பார்த்திருந்தால் கெட்டிக்காரன் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். இலஞ்சிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தென்னந்தோப்பு. குற்றாலத்துத் தண்ணீர் வரும் கால்வாய் ஒன்று தோப்பின் நடுவே ஓடியது. ஐம்பதுகளின் நடுவில், அந்தக் கால்வாயில் ஒரு மரச் சக்கரத்தை நிறுத்தினேன். பழைய லாரி டைனமோ ஒன்றை அதனோடு வாரால் பிணைத்து, பேட்டரியில் மின்சாரம் ஏற்றி, வீட்டில் மூன்று பல்புகளை எரியவிட்டேன்!

தென்காசி டவுனில் கம்பி மின்சாரம் வந்திருந்தது. எங்கள் பக்கமோ மண்ணெண்ணெய் விளக்குதான். ஆனி, ஆடிச் சாரலில் என் சக்கரம் மதம் பிடித்ததுபோல் சுற்றியது. மேலகரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். எனக்குத் ‘தண்ணிக்கரண்டு அண்ணாச்சி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எவ்வளவு இனித்தது தெரியுமா? சொல்லவே கூசுகிறது.

மாசி பிறந்தது. கால்வாய் வற்றியது. சக்கரம் நின்றது.

குற்றாலத் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் எவனுக்கும் இது தெரியும். சீசன் முடிந்தால் அருவியே நூலாகிவிடும். எனக்குத் தெரியாதா? தெரியும்... ஆனால் பார்க்க வந்தவர்களிடம் வருஷம் முழுக்க எரியும் என்று வாய்விட்டிருந்தேன். பல்பு மங்கத் தொடங்கியதும் மானம் போய்விடுமே என்று பதறினேன். பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, தேங்காய் வண்டியில் தேங்காய்களுக்கு அடியில் வைத்து, தென்காசியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கடைக்குக் கொண்டுபோனேன். இந்த ஒரு தடவைதான் என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் வாரந்தோறும் போனேன். வண்டிக்காரனை நம்பாமல் நானே மாட்டை ஓட்டினேன். இரண்டாவதாக ஒரு பேட்டரி வாங்கினேன். அமிலம் பட்டு வேட்டிகள் ஓட்டையாயின. கம்பி மின்சாரத்தை வாங்கியிருந்தால் ஆகும் செலவைப்போல் பல மடங்கு அந்த மூன்று பல்புகள் தின்றன. கம்பியே வேண்டாத வீடு என்று ஊர் மெச்சிய வீட்டில், கோடை முழுவதும் எரிந்தது தென்காசிக் கம்பியின் மின்சாரம்! சக்கரத்தின்மேல் கொட்டகை போட்டுப் பூட்டினேன். கைபட்டால் கரண்டு அடித்துவிடும் என்று எல்லோரையும் மிரட்டி வைத்தேன்.

எங்கள் பாதைத் திருப்பத்தில் இரண்டே வீடுகள். ஒன்று என்னுடையது. கால்வாயின் கீழ்ப்பக்கத்தில் இருந்த மற்றொன்று மைதீனுடையது. அவர் நெசவாளி. வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி ரகுமத். தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பகலிலும் இருட்டு. மண்ணெண்ணெய்ப் புகையில் இருவர் கண்ணும் எப்போதும் சிவந்திருக்கும்.

ஒருநாள் மின்சாரக் கம்பி இழுப்பவர்கள் வந்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்டினால்தான் திருப்பத்துக்குள் கம்பம் வரும் என்றார்கள். மைதீன் என்னைத் தேடி வந்தார்.

“அண்ணாச்சி, ரூவாயைச் சேத்து வச்சிருக்கேன். ஆனா ஒங்க வீட்டுல தண்ணியிலயே எரியுதே... கம்பியை வாங்கவா, ஒங்களைமாதிரி சக்கரம் வைக்கவா? நீங்க சொல்லுததுதான்.”

அப்போது ஒரு வார்த்தை போதும். ‘கோடையில் சக்கரம் சுற்றாது மைதீன்.’ அவ்வளவுதான்! என் பெயர் கொஞ்சம் கெட்டிருக்கும். அவருடைய பிழைப்பு நிலைத்திருக்கும்.

“மாசாமாசம் எவனுக்கோ எதுக்கு அழணும்? சக்கரத்தை வையும்” என்றேன்.

இருவருமே கையெழுத்துப் போடவில்லை. கம்பம் எங்களை விட்டு விலகி ஆய்க்குடிப் பக்கம் போய்விட்டது.

மைதீன் சேர்த்த பணத்தில் டைனமோ வாங்கிச் சக்கரம் வைத்தார். சாரல் காலத்தில் அவர் தறிமேல் பல்பு எரிந்தது. ரகுமத் எங்கள் வீட்டுக்குச் சீனி கொடுத்தனுப்பினார். அதையும் வாங்கித் தின்றேன்.

மாசியில் அவர் சக்கரம் நின்றது. என் வீட்டில் விளக்கு எரிந்தது.

“அண்ணாச்சி, ஒரே வாய்க்கா, ஒரே தண்ணி. ஒங்களுக்குச் சுத்துது, எனக்கு நிக்குதே?”

என்ன சொன்னேன் தெரியுமா? என் பக்கம் தண்ணீர் விழும் பள்ளம் ஆழம், நூல் தண்ணீரே போதும் என்றேன். “உம்ம சக்கரத்துல பலகைச் சாய்வு சரியில்ல. மரமும் இளசு, ஊறிக் கனத்துப்போச்சு” என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்! அவர் நம்பினார். பலகைகளைப் பிடுங்கிச் சாய்வை மாற்றினார். சுற்றவில்லை. நன்றாகக் காய்ந்து இறுகிய மரம் வேண்டுமே என்று தேடினார். வீட்டில் அப்படிப்பட்ட மரம் ஒன்றுதான் இருந்தது.

ரகுமத்தின் தறி.

அதைப் பிரித்துப் பலகை செதுக்கும் ஓசை என் தோப்பு வரை கேட்டது. நான் போய்த் தடுத்திருக்க வேண்டாமா? போகவில்லை... வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சக்கரமும் சுற்றவில்லை. ஒற்றைத் தறியில் குடும்பம் ஓடவில்லை. அடுத்த வருஷமே அதையும் விற்றுவிட்டு, மைதீன் தென்காசியில் வேறொருவர் கொட்டகையில் கூலிக்கு நெய்யப் போனார்.

ரகுமத்துக்கு உண்மை தெரியும். இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பங்குனி வெயிலில் என் வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, சாக்குகள் சரிந்தன. நூல் கட்டைத் தலையில் சுமந்து அந்த வழியே வந்த ரகுமத், கட்டை இறக்கி வைத்துவிட்டு எனக்கு உதவ ஓடிவந்தார். தேங்காய்களுக்கு நடுவே பேட்டரியைப் பார்த்தார். அது எங்கே போகிறது என்று கேட்கவில்லை. சாக்கை இழுத்து அதை மூடினார்.

“அவுகளுக்குத் தெரிய வேண்டாம் அண்ணாச்சி” என்றார். “தன் கைராசி சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. அப்படியே இருக்கட்டும். ஏமாந்து போயித்தான் என் தறியைப் பிரிச்சோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டாக.”

வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தப்பித்தேன் என்றுதான் தோன்றியது! அந்த நிம்மதியை நினைக்கும்போது என் முகத்தில் நானே காறி உமிழலாம் போலிருக்கிறது.

அறுபதுகளில் மறுபடியும் கம்பி இழுக்க வந்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. கொட்டகையைப் பிரித்து எறிந்தேன். மைதீன் வீட்டிலும் பல்பு வந்தது. அதன் கீழே தறி இல்லாத குழியைத் தூர்த்துக் கட்டில் போட்டிருந்தார்கள்.

அந்தக் கட்டிலில்தான் அவர் நோயில் படுத்தார். பார்க்கப் போனேன். போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்றுதான் போனேன், வேறென்ன? ரகுமத் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றார்.

“இப்பமாவது சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் மைதீன். “எத்தனையோ வருசமா யோசிக்கேன். சக்கரத்துல நான் எங்கன தப்புப் பண்ணுனேன்?”

‘உம்மிடம் தப்பே இல்லை’ என்று சொல்ல வாய் வரை வந்தது. ரகுமத்துக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் ரகுமத் என்னிடம் கேட்டது மௌனத்தைத்தான். இன்னொரு பொய்யை அல்லவே!

“சாய்வு ஒரு விரக்கடை பத்தல மைதீன்” என்றேன்.

அவர் தம் விரலைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

“ஒரு விரக்கடையா! இதுக்கா அந்தத் தறியைப் பிரிச்சேன்?” என்றார். பிறகு சிரமப்பட்டுத் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினார். “ரகுமத்து... என்னை மன்னிச்சிரு புள்ள.”

நான் செய்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ரகுமத் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் எழுந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.