சேற்றில் படுத்த டொக்டர்

தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு வைத்தியசாலையில் நான் தாதி. எலும்பு முறிவுப் பிரிவின் பெரிய டொக்டர் அயர்லாந்துக்காரர். இடது காது நசுங்கி மடிந்து கிடக்கும். பழைய குத்துச்சண்டைக்காரர் என்றே நோயாளிகள் நினைத்தார்கள். இளமையில் கொஞ்சக் காலம் அவர் தன் நாட்டு அணிக்காக றக்பி ஆடியவர். உதைபந்தாட்டத்தைத் தவிர வேறொன்றையும் விளையாட்டாகவே எண்ணாத எங்கள் ஊரில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊர் றக்பி போட்டிக்கு முதலுதவிக்காகப் போனவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. இரண்டு பக்கத்தாரும் தோள்கோத்துத் தள்ளும்போது கும்பல் அப்படியே சரிந்தது. எல்லோரும் எழும்பினார்கள், ஒருவனைத் தவிர.

"கை விறைக்குது" என்றான்.

அணித்தலைவன் அவனைத் தூக்கக் குனிந்தான். அதற்குள் டொக்டர் ஓடிப்போய், போட்டிருந்த நல்ல கோட்டோடு சேற்றில் குப்புறப் படுத்து, அவன் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தரும் தொடாதேங்கோ. அம்புலன்ஸ் வரட்டும்."

"ஆட்டம் நிக்குது, டொக்டர்."

"நிக்கட்டும். நானும் இந்த முன்வரிசையிலை நிண்டு ஆடினவன்தான்."

குரலை உயர்த்தவில்லை. அணித்தலைவன் பின்வாங்கினான்.

"நீங்கள் அவரோடை கதைச்சுக்கொண்டிருங்கோ" என்றார் என்னிடம்.

அவன் பக்கத்தில் முழங்காலில் நின்று, எனக்குத் தெரிந்த டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், என்ன வேலை என்று கேட்டேன். பேக்கரியில் பாண் போடுகிறவன் என்றான். மா எப்படிக் குழைக்கிறது, எவ்வளவு நேரம் புளிக்க விடுகிறது என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றாகச் சொன்னான். அம்புலன்ஸ் வரும்வரை அந்தத் தலை இம்மியும் அசையவில்லை.

கழுத்தெலும்பில் வெடிப்பு, நரம்புக்குச் சேதமில்லை. கோடைக்கு முன்பே நடந்து வீட்டுக்குப் போனான்.

அன்று திரும்பும்போது காரில் கேட்டேன்: "ஏன் அவ்வளவு கெதியா விளையாட்டை விட்டனீங்கள்?"

"சத்திரசிகிச்சை படிக்க இடம் கிடைச்சது. அதே மாதம் அணியிலும் திரும்பக் கூப்பிட்டினம். படிக்கப் போனன்."

"நாட்டுக்கு ஆடுறது எத்தினை பேருக்குக் கிடைக்கும்?"

"ஆடியாச்சுத்தானே" என்று சிரித்தார். பிறகு, "நீங்கள் ஏன் இன்னும் வார்டிலேயே நிக்கிறீங்கள்? ஒப்பரேஷன் தியேட்டருக்கு வரலாமே" என்றார்.

"என்ரை டொச் காணாது எண்டு சொல்லுகினம்."

"அந்தப் பாண்காரனுக்குக் காணுமாயிருந்தது."

திங்கட்கிழமை காலை தலைமைத் தாதியிடம் போய், சத்திரசிகிச்சைப் பயிற்சி வேண்டுமென்று கேட்டேன். முதலில் தயங்கினா. நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, டொச்சிலேயே வாதாடினேன்.