ஒரு சொட்டு வியர்வை விழாத நாள்

அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை அவள் மடித்து வைத்தால் ஓரத்துக்கு ஓரம் ஒரு நூல் பிசகாது. வாயும் அப்படித்தான், கறாரானது. யாராவது மடிப்பைக் கோணலாக விட்டால், "வீட்டுல புருஷனையும் இப்பிடித்தான் பாதியில விட்டுட்டு வந்தியா?" என்று கேட்டுவிடுவாள். கேட்டுவிட்டு, அவளே அதைப் பிரித்து ஒழுங்காக மடித்தும் கொடுப்பாள்.

கூடத்தின் நடுவில் ஆவியில் கொதிக்கும் நீளமான உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் பிடித்து நுழைத்தால், அந்தப் பக்கம் காய்ந்து, தேய்க்கப்பட்டு வெளியே வரும். அங்கே நிற்கும் பெண்களுக்கு எமன் அவர்களுடைய நெற்றி வியர்வைதான். ஒரு சொட்டு துணியில் விழுந்து உருளைக்குள் போனால் மஞ்சள் கறை. விரிப்பு மறுபடி துவைக்கப் போகும், சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதனால் நெற்றியில் துணிப்பட்டை கட்டிக்கொண்டார்கள். அது போதாதென்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார்கள். குடித்தால்தானே வேர்க்கும்? இந்த மகா கண்டுபிடிப்புக்குச் சொந்தக்காரி மடிப்பக்காதான்.

கணவனின் தங்கையை அங்கே வேலைக்குச் சேர்த்தபோதும் அதையே சொல்லிக்கொடுத்தாள். "தாகம் எடுத்தா வாய மட்டும் கொப்புளிச்சுத் துப்பிடு. முழுங்காத." சொந்தக் காலில் நிற்கிறேன் என்று அண்ணனிடம் மல்லுக்கட்டி வந்த பெண் அது. அண்ணி சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்டது.

அன்றைக்குப் பார்த்து, அனலை வெளியே தள்ளும் மின்விசிறி நின்றுவிட்டது. ஆளும் குறைவு. மடிப்பக்காவே நாத்தனாரோடு நுழைக்கும் பக்கம் நின்றாள். மற்றவர்கள் தொப்பலாக நனைந்து புறங்கையால் துடைத்துத் துடைத்து ஓய்ந்தார்கள். நாத்தனாரின் நெற்றி மட்டும் காய்ந்து கிடந்தது.

"பாத்துக்கோங்கடி, எங்க வீட்டுப் பொண்ண. காலையிலேருந்து ஒரு சொட்டு விழல," என்று மடிப்பக்கா பெருமை பீற்றிக்கொண்டாள். எல்லோரும் பொறாமையோடு பார்த்தார்கள்.

பார்க்க வேண்டியதை ஒருத்தியும் பார்க்கவில்லை. வெளியே அனல் அடித்தாலும் குளிர் வாட்டினாலும் உடம்பு தன் உள்சூட்டை ஒரே நிலையில் வைத்திருக்கப் படாத பாடு படும். சூடு ஏறினால் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், வியர்வையை விடும். அது காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதற்குத் தண்ணீர் வேண்டும். அது கிடைக்காமல் போராடிப் போராடி, கடைசியில் உடம்பு கையை விரித்துவிடும். வியர்வை நிற்கும். அப்புறம் உள்ளே ஏறும் சூட்டைத் தடுக்க ஆளில்லை.

"ஏய், தலைகீழா பிடிச்சிருக்க பாரு," என்றாள் மடிப்பக்கா.

நாத்தனார் சிரித்தாள். "அம்மா கதவத் தட்டுறாங்க அண்ணி. போய்த் திறங்க."

அந்த அம்மா செத்துப் பல வருடமாகிறது. நாத்தனாரின் கை விரிப்பை விடாமல் அதோடு கூடவே உருளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மடிப்பக்கா பாய்ந்து இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை நின்றது. பிடித்து இழுத்த மணிக்கட்டு, அப்போதுதான் உருளையிலிருந்து வந்த துணிபோல உலர்ந்து கொதித்தது. மறு நிமிடம் நாத்தனார் அவள்மேலேயே சரிந்தாள்.

"ஐயோ, கொதிக்கிறாளே! தூக்குங்கடி!"

வாசலோரம் இழுத்துப் போட்டார்கள். மடிப்பக்கா துவைக்கும் இயந்திரத்தைத் திறந்து சில்லென்ற ஈர விரிப்புகளை அள்ளி வந்து சுற்றினாள். ஒருத்தி வாயில் தண்ணீர் ஊற்றப் போனாள். "நினைவில்லாதவளுக்கு ஊத்தாத, புரையேறிடும்! விசிறு!"

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னம்மா இது, துவைச்ச துணிய தரையில போட்டு..."

"துணி நாசமாப் போகட்டும்! ஆம்புலன்ஸக் கூப்பிடுய்யா!"

மனிதர் போனை எடுத்தார். மடிப்பக்கா விரிப்பை மாற்றி மாற்றிப் போர்த்தினாள். வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன், அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வாய் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் சொன்னார்: "நல்லவேளை, உடனே குளிர வெச்சீங்க. உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா வேர்வை நின்னப்போ யாருக்குமே சந்தேகம் வரலையா?"

கூடத்தில் எல்லோரையும் மடக்கும் மடிப்பக்கா அவமானத்தில் தலை குனிந்து நின்றாள். சந்தேகமா? பெருமையல்லவா பட்டாள்.

மாலையில் நாத்தனார் தெளிந்து உட்கார்ந்தாள். உதடு வெடித்திருந்தது. நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "மெதுவா குடிங்க," என்றாள்.

நாத்தனார் ஒரு வாய் எடுத்துக் கொப்புளித்தாள். பிறகு கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடிவிட்டு, எங்கே துப்புவது என்று அண்ணியிடம் கண்ணாலேயே கேட்டாள்.

"முழுங்கும்மா," என்றாள் மடிப்பக்கா, கும்பிடாத குறையாக. "முழுங்கிடும்மா."