தோளில் துப்பாக்கி, கண்ணில் புழுதி

சர்வே ஹெல்பர் வேலை என்பது, காட்டின இடத்தில் கம்பத்தை நட்டுப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்பது. அரபு நாட்டு சைட்டில் நின்று வெந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் கணக்கில் கூடவே ஒரு துப்பாக்கியும் சேர்ந்துகொண்டதுதான் விசேஷம்.

இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில் நடந்தது. சவூதியில், தம்மாமிலிருந்து மூன்று மணி நேரம் பாலைவனத்துக்கு உள்ளே, பைப்லைன் போடுவதற்கான சர்வே. மொத்தம் மூன்று பேர். சர்வேயர் நசீர் காக்கா, காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஹெல்பர் நான், சிவகங்கைப் பக்கம். மூன்றாவது அபு சாலிம், அறுபது தாண்டிய பதூ, அதாவது பாலைவன நாடோடி அரபி. அந்தப் பக்கம் ஓநாயும் உண்டு, கூட்டமாகத் திரியும் காட்டு நாய்களும் உண்டு. அதனால் லைசென்ஸ் துப்பாக்கியோடு ஓர் உள்ளூர் ஆள் கூட வராமல் கேம்ப்பை விட்டு இறங்கக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு.

முழங்கால்

அபு சாலிமுக்கு முழங்கால் வலி. முதல் நாள் அரை மணி நேரம் நடந்தார். பிறகு துப்பாக்கியைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு, பிக்கப் வண்டியில் ஏறி ஏசியைப் போட்டுக்கொண்டார். எதையும் திறக்காதே, நோண்டாதே என்று மட்டும் கண்டித்துச் சொன்னார்.

வெளிநாட்டுக்காரன் துப்பாக்கியோடு பிடிபட்டால் ஜெயில், அப்புறம் நேரே விமானம். எனக்கோ நாலு மாதத்தில் லீவு. நான் வந்த ஐந்தாம் மாதம் பிறந்த மகளை போட்டோவில்தான் பார்த்திருந்தேன். இதையெல்லாம் பாதி அரபியிலும் பாதி ஹிந்தியிலும் அவரிடம் சொல்லிக் கெஞ்சினேன். ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினார். "வண்டி வந்தா என்கிட்ட குடு. ஓநாய் வந்தா நீ வச்சுக்கோ. அவ்வளவுதான், கலாஸ்!"

புழுதி

அன்றிலிருந்து எனக்கு ஓநாய் பயம் போய்விட்டது, புழுதி பயம் வந்துவிட்டது. தூரத்தில் எங்கே மண் எழும்பினாலும் கம்பத்தைப் போட்டுவிட்டுப் பிக்கப்புக்கு ஓடுவேன், ஜன்னல் வழியாகத் துப்பாக்கியைத் திணிப்பேன். ஒரு நாள் பதினோரு தடவை ஓடினேன். பத்துத் தடவை தண்ணி டேங்கர், ஒரு தடவை வெறும் சூறைக்காற்று. சாப்பிடும்போதுகூட என் கழுத்து ஒரு பக்கம் நிற்காது.

அங்கே நசீர் காக்கா இன்ஸ்ட்ருமென்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் கம்பமும் இருக்காது, ஆளும் இருக்காது. பாவம், எத்தனை நாள்தான் பொறுப்பார். "ஓநாய் வந்து என்னைத் தின்னுட்டு கையைக் கழுவிட்டுப் போனாலும், நீ ரோட்டைத்தாண்டா பாத்துக்கிட்டு நிப்பே!"

போட்டோ

இவ்வளவு பயந்தவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டி, கூலிங் கிளாஸ் போட்டு ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அடுத்தவன் கார் மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்து அனுப்பாதவர் நம்மில் யார்?

தபாலில் போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அதன் ஆபத்து உறைத்தது. யாரிடமும் காட்டாதே என்று சொல்ல, டெலிபோன் கார்டு வாங்கி மனைவிக்கு போன் செய்தேன். அதற்குள் அவள் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். "அப்பா எங்கன்னு கேட்டா, புள்ள அந்தத் துப்பாக்கியத்தாங்க தொட்டுக் காட்டுது!"

இரண்டும் சேர்ந்து வந்த நாள்

லீவுக்குப் பதினைந்து நாள் இருந்தது. பிக்கப் ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் நின்றது, உள்ளே அபு சாலிம் தூங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று ஏழெட்டு நாய்கள் நசீர் காக்காவைச் சுற்றி வளைத்துக்கொண்டன. அவர் இன்ஸ்ட்ருமென்ட் நிற்கும் முக்காலியைப் பிடுங்கி வீசிக்கொண்டிருந்தார். அதே நேரம் ரோட்டில் புழுதி. இந்தத் தடவை அதன் தலையில் போலீஸ் விளக்கு சுழன்றது.

மறைக்காமல் சொல்கிறேன், என் கால் பிக்கப் பக்கம்தான் ஓடியது. "ராசா!" என்று காக்கா கத்தினார். அந்தக் குரலைக் கேட்டதும் திரும்பிவிட்டேன். லீவு போச்சு, மகள் முகம் போச்சு என்று நினைத்துக்கொண்டே வானத்தைப் பார்த்துச் சுட்டேன். 'டிக்' என்றது. இன்னொரு முறை, 'டிக்'. குழலைப் பிடித்துத் துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, உலக்கை மாதிரி சுழற்றிக்கொண்டு பாய்ந்தேன். ஒரு நாய் காக்காவின் பேன்ட்டைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. போலீஸ் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து சேர்ந்ததும்தான் எல்லாம் சிதறி ஓடின.

அதிகாரி துப்பாக்கியை வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. அபு சாலிம் நொண்டிக்கொண்டே வந்து, துப்பாக்கி என்னுடையது, தப்பும் என்னுடையது என்று லைசென்ஸை நீட்டினார். வெறும் துப்பாக்கி என்பதாலோ, கிழிந்த பேன்ட்டைப் பார்த்தோ, அவரை மட்டும் கால் மணி நேரம் திட்டிவிட்டுப் போனார்கள். மூன்றரை மாதமாகக் காலித் துப்பாக்கியையா சுமக்க வைத்தீர் என்று கத்தினேன். அவர் சட்டைப் பையைத் தட்டினார், உள்ளே தோட்டாக்கள் குலுங்கின. அவரை அடிப்பதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் நின்ற என்னிடம் சொன்னார்: "தோட்டா இருந்தா நீ சுட்டிருப்பே. சுட்டிருந்தா இந்நேரம் ஜெயிலு. அப்புறம் உம் பொண்ணை யாரு போய்ப் பாக்குறது?"

பதினைந்தாம் நாள் ஊரில் போய் இறங்கினேன். தோளில் துப்பாக்கி இல்லாத ஆளை அப்பா என்று ஒப்புக்கொள்ள என் மகளுக்கு நாலு நாள் ஆனது.