பெயிண்ட் காயல

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர் வைக்கப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம். ஆனால் இவனுக்கு அந்தப் பெயர் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. கேள்வியை முழுசாகப் படிக்காமல் பதில் எழுதுவான். டீ ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்வான். வேலை பிற்பாடு வந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பதினோரு வருடமாக அவன் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து வந்தவர் நர்ஸ் அக்கா. அவர் ஊசியைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்துத்தான் இவன் பள்ளத்தில் இறக்குவான். நடுவிலிருக்கும் சின்னக் கண்ணாடியைத் தட்டிச் சொல்வார்: “தம்பி, ஒருத்தரைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். ரெண்டாக்கிடாதே.”

அக்காவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

“அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். அதுக்குள்ள ஒரே ஒரு வேலையை அவசரப்படாம செஞ்சு காட்டு. அப்பதான் இன்னொருத்தியை உன்னை நம்பி இந்த வண்டியில ஏத்திட்டுப் போக எனக்கு மனசு வரும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இவனுக்குத்தான் முள் மாதிரி தைத்தது. அன்று மாலையே கடைக்கு ஓடி, ஒட்டிச் சேர்க்கிற வேன் மாடல் ஒன்று வாங்கி வந்தான். சாம்பல் நிற பிளாஸ்டிக். முழங்கை நீளம்கூட இல்லை. அதைத் தங்கள் வண்டியாகவே மாற்றி, வெள்ளை அடித்து, அக்காவிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

ஒட்டும் வேலை இரண்டே நாளில் முடிந்தது. வெள்ளைதான் அவனை ஆட்டி வைத்தது.

கறுப்பு எதையும் மூடிவிடும். வெள்ளை காட்டிக்கொடுக்கும். ஒரே அடியில் சாம்பல் மறையட்டும் என்று ஸ்ப்ரேயை அழுத்திப் பிடித்தான். பெயிண்ட் வழிந்து, முன் விளக்கு இரண்டும் கண்ணீர் விட்டன. துடைத்து, தேய்த்து, மறுபடி அடித்தான். சீக்கிரம் காயட்டுமே என்று மனைவியின் ஹேர் டிரையரைப் போட்டான். அது எங்கிருந்தோ துண்டு நூலையெல்லாம் கொண்டு வந்து ஒட்டியது.

“வண்டிக்குத் தாடி முளைச்சிருக்கு,” என்றாள் மனைவி. “ஷேவ் பண்ணி விடுங்க.”

மூன்றாவது தடவை உண்மையிலேயே நன்றாக வந்தது. காய்ந்துவிட்டதா என்று கட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். கூரை நடுவில் ரேகை சகிதம் பதிந்தது.

“போலீஸுக்கு வேலையே இல்ல,” என்றாள். “குற்றவாளியே கையெழுத்துப் போட்டுட்டாரு.”

நாலாவதுக்கு, பழைய வெள்ளையை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, அவன் குளியலறைக்குள் போனான். வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி பிடிக்க வைத்தால் தூசியெல்லாம் தரையில் படிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆவி அடங்கியதும், ஒரு முழம் தள்ளி நின்று, கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு பூச்சு. சாம்பல் அப்படியே தெரிந்தது. அதை அப்படியே விட வேண்டும். அரைமணி நேரம் போய் இன்னொன்று. இப்படி ஆறு.

வெளியே துண்டோடு மனைவி. “உள்ள குளிக்கிறது நீங்களா, வண்டியா?”

“வண்டி.”

“சோப்புப் போட்டாச்சான்னு கேளுங்க.”

காத்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருமுனைவரை போவான், வருவான், மறுபடி போவான். ஐந்தாவது நடைக்கு மருந்துக்கடைக்காரர் தலையை நீட்டினார்.

“என்னப்பா, வீட்டுல பிரசவமா?”

“பெயிண்ட் காயுதுண்ணே.”

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வெள்ளி மாலை ஆறாவது பூச்சும் படிந்தது. பால் ஆடை மாதிரி, ஒரு திட்டு இல்லை, ஒரு நூல் இல்லை. சக்கரங்களை அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தான். ஸ்ப்ரே டப்பாவில் ‘முழுதும் காய ஒரு வாரம்’ என்று போட்டிருந்தது. ஞாயிறுக்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் டப்பாவைத் திறக்க நூறு தடவை போனான். நூறு தடவையும் வெறுங்கையோடு திரும்பினான்.

ஞாயிறு காலை அக்கா வீட்டு வாசலில் டாக்ஸி நின்றது. இவன் அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக நடந்து வந்தான்.

அக்கா டப்பாவைத் தூக்கினார்.

“நீயா செஞ்சே?”

“ஆமாக்கா.”

“நம்பவே முடியல,” என்று சொல்லிக்கொண்டே, பதினோரு வருடம் அவனைப் பொறு, பொறு என்ற அந்த அக்கா, கட்டை விரலால் கூரையை ஒரு தடவு தடவினார்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அச்சு அசலாக ஒரு கட்டை விரல்.

“ஐயோ, காயலையா?”

“மேலதான் காஞ்சுதுக்கா. உள்ள ஒரு வாரம் ஆகும். குடுங்க, தேய்ச்சு மறுபடி அடிச்சு அனுப்பி விடறேன்.” கை அதற்குள் நீண்டுவிட்டது.

அக்கா அட்டையை நெஞ்சோரம் இழுத்துக்கொண்டார். “கையை எடு. இந்த அவசரம் என்னோடது. நீ பாஸ்.”

அதற்கு மேல் அவனைப் பார்க்காமல் டாக்ஸியில் ஏறி, வண்டியை மடியில் வைத்துக்கொண்டார். இவன் டிரைவர் பக்க ஜன்னலுக்கு ஓடினான்.

“அண்ணே, மெதுவாப் போங்க. பள்ளம் பாத்து இறக்குங்க.”

டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். “ஏன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் இல்ல,” என்றான் அவசரம். “பெயிண்ட் காயல.”