நெற்றிக் கோட்டுக்கு ஊசி போடப் போனேன்

இரண்டு வருடங்களுக்கு முன், என் மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தி.நகரில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அபிராமபுரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு புருவத்துக்கும் நடுவே, பதினொன்று என்று எழுதின மாதிரி இரண்டு கோடுகள் உண்டு. பிள்ளைகள் அதைப் பார்த்தே அடங்கிவிடுவார்கள் என்பதால் வகுப்பில் அது எனக்கு வசதிதான். வினை நிச்சயதார்த்த போட்டோவில் வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் காப்பியடித்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தவள் போல நிற்கிறேன். போட்டோ அவர்கள் வீட்டுக்குப் போன மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில், எங்கள் மேல் ஏதாவது வருத்தமா சம்பந்தி என்று கேட்டார். இல்லவே இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் குரல் தெளியவில்லை. மகள் அன்று என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த வீட்டில் போய் வாழப்போகிறவள் அவள்தானே.

நெற்றியில் ஊசி போட்டால் கோடு மறைந்துவிடும் என்று கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்னார். வீட்டில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அசோக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்தேன். இறங்கியதும் செல்போனில் விலாசத்தைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தால், ஆட்டோக்காரர் முகம் வாடியிருந்தது.

"இன்னாக்கா, நீ சொன்ன எடத்துலதானே வுட்டுக்கீறேன். அப்பறம் எதுக்கு மொறைக்கிறே?"

நான் எங்கே முறைத்தேன்? இன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு மாடியேறினேன்.

கிளினிக்கில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. மூக்குக்கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது தெரியும் என்று பல வருடமாகத் தட்டிக்கழித்து வந்தவள் நான். பரீட்சைத் தாளையெல்லாம் கையை நீட்டிப் பிடித்தே திருத்திவிடுவேன். இதில் என்ன இருக்கப்போகிறது, சம்மதமா என்று கேட்டிருப்பார்கள் என நினைத்து, எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டேன்.

டாக்டர் ஏறக்குறைய என் வயதுப் பெண்மணி. ஃபாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ஃபாரத்தைப் பார்த்தார்.

"நீங்க கர்ப்பமா இருக்கறதா போட்டிருக்கீங்களே?"

"பொண்ணுக்குத்தான் டாக்டர் கல்யாணம்" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அதோடு விட்டதா என்றால் இல்லை. அடுத்த வரிப்படி நான் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் பெரிய மனசு. ஃபாரத்தை என் பக்கம் தள்ளி வாசிக்கச் சொன்னார். கையை நீட்டினேன், கை போதவில்லை. உடனே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை என் எதிரே பிடித்தார். மங்கலாகத் தெரிந்த முகத்தில் அந்தப் பதினொன்று மட்டும் உளி வைத்துச் செதுக்கினாற்போல இருந்தது.

"இது கோவக்கார மூஞ்சி இல்லம்மா. கண்ணு தெரியாத மூஞ்சி."

கல்யாணத் தேதி, போட்டோ, சம்பந்தியின் போன் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் மூக்குக்கண்ணாடி போடுங்கள் என்றார். முதல்முறை ஊசி போடுகிறவர்கள் கல்யாணத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு போடக்கூடாது, அபூர்வமாக இமை தொங்கிப்போனால் சரியாகச் சில வாரம் ஆகும் என்றார். இது உங்கள் ஆசையா, சம்பந்தியின் போனுக்குப் பயந்து வந்த ஆசையா என்றும் கேட்டார். கல்யாணம் முடிந்து, அப்போதும் உங்களுக்கே வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், பேசுவோம் என்று எழுந்துவிட்டார். எனக்கு ஆத்திரம். வெளியே, விபத்தில் கன்னம் கிழிந்து தழும்பான ஒரு பெண்ணை மட்டும் அன்போடு உள்ளே அழைத்தார். அவளுக்குச் செய்வாராம், எனக்குச் செய்ய மாட்டாராம்!

அதே தெருவில் இன்னொரு கிளினிக்கின் போர்டு கண்ணில் பட்டது. வீம்பாக ஏறினேன். அங்கேயும் ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள். மறுபடியும் கர்ப்பமாக எனக்குத் தைரியமில்லை, இறங்கிவிட்டேன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மூக்குக்கண்ணாடி வாங்கினேன். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால், இரண்டு கோடுதான் என்று நினைத்த முகத்தில் பதினேழு இருந்தன. அதைவிட, சமையலறை அலமாரியின் பிசுக்கு என்னைப் பயமுறுத்தியது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன் சம்பந்தி கூறைப்புடவையைக் காட்ட வந்தார். ஜரிகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று நிமிர்ந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஊசி, ஃபாரம், கர்ப்பம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புடவையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மெதுவாக, "இத்தனை நாளா நான் சரியா தூங்கல சம்பந்தி. இந்த சம்பந்தமே உங்களுக்குப் பிடிக்கலையோன்னு" என்றார்.

அந்த டாக்டரிடம் நான் திரும்பப் போகவில்லை. போகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். அந்தத் தழும்புக்காரப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறது. வேண்டாம் என்று சொல்கிற டாக்டர் கிடைப்பதும் அதிர்ஷ்டம், அதைக் கேட்டுக்கொள்கிற புத்தி நமக்கு இருப்பதும் அதிர்ஷ்டம். எனக்கு முதலாவது ஒரே நிமிடத்தில் கிடைத்தது, இரண்டாவது வந்து சேர இரண்டு நாள் ஆனது, அவ்வளவுதான்.